ஆர்டருக்குப் பாடிய பாட்டு

ஹெவி மெட்டல் கேட்பவர்களிடம் எழுதி வைத்த தீர்ப்பு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கிறது. பேர்போன குழுவில் வாசிக்கும் ஒருவர் அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழுவைச் சேர்த்து ஆல்பம் போட்டால் அது மிச்சம் மீதி. இரைச்சலைக் குறைத்து ராகத்தைக் கூட்டினால் அது காசுக்கு வளைந்து கொடுத்தது. ஆட்களைச் சேர்த்ததே கம்பெனி என்றால் அதில் ஆன்மா கிடையாது. பாடுகிறவர் இந்தியராகவும் இருந்துவிட்டால் வெள்ளைக்காரக் குரலுக்கு நகல், அவ்வளவுதான். இந்த நான்கையும் ஒருசேர வாங்கிக் கட்டிக்கொள்ள ஏற்ற ஆல்பம் ஒன்று 2023 ஜூனில் வந்தது. அப்போது ஒயிட்ஸ்னேக் குழுவின் கிடார்க்காரராக இருந்த ஜோயல் ஹோக்ஸ்ட்ரா ‘ஜோயல் ஹோக்ஸ்ட்ராஸ் 13’ என்ற பெயரில் நடத்தும் சைட் பிராஜெக்டின் மூன்றாவது ஆல்பம், ‘கிராஷ் ஆஃப் லைஃப்’. டிரம்ஸில் பிளாக் சப்பாத்திலும் டியோவிலும் வாசித்த வின்னி அப்பீஸ், பேஸில் டோனி ஃபிராங்க்ளின், கீபோர்டில் டிரீம் தியேட்டரில் இருந்த டெரெக் ஷெரினியன், பின்குரலில் ஜெஃப் ஸ்காட் சோட்டோ. இவர்களுக்கெல்லாம் முன்னால் நின்று பாடியவர் சிக்கிமின் காங்டாக்கைச் சேர்ந்த கிரீஷ் பிரதான். வெளியிட்டது இத்தாலியின் ஃப்ரண்டியர்ஸ் நிறுவனம். மெலோடிக் ஹார்ட் ராக் என்று சொல்லப்படும் வகை: கனத்த கிடார் உண்டு, ஆனால் கேட்டு முடித்ததும் வாயில் நிற்பது பல்லவிதான். இதையும் இதன் இனத்து ஆல்பங்களையும் கேட்பதற்கு முன்பே ஒதுக்கித் தள்ளும் அந்தத் தீர்ப்பு அடியிலிருந்தே பிழையானது என்பது என் கட்சி. அது ஏன் பிழை என்று விளங்கிக்கொள்ள வாணியம்பாடியைவிடத் தோதான ஊர் அதிகம் இல்லை.

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரை நீளும் தோல் வட்டாரத்தில் எத்தனையோ ஷாப்புகளுக்குச் சோறு போடுவது ஜாப் ஒர்க். பச்சைத் தோல் ஒருவருடையது. அதைப் பாதி பதனிட்டு வெட் புளூவாக்கிக் கொடுத்தவர் இன்னொருவர். என்ன நிறம், எத்தனை கனம், எவ்வளவு மென்மை என்று சொன்ன பையர் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார். தைக்கப்போவது வேறொரு கம்பெனி, ஷூவின் மேல் பதியப்போவது யாரோ ஒருவரின் பெயர். நடுவில் இங்கே ஷேவிங் மெஷினில் நிற்பவர் தோலைக் கனமானியில் பிடித்துப் பார்க்கிறார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் திரும்ப உள்ளே விடுகிறார். செலக்‌ஷன் பார்ப்பவர் ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பையும் முள் கீறிய கோட்டையும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துத் தரம் பிரிக்கிறார். முடிந்த சரக்கின் மேல் இவர்கள் யாருடைய கையெழுத்தும் கிடையாது. ஆனால் ஒரு லாட் நன்றாக வந்தால் அது யார் கையில் நன்றாக வந்தது, கெட்டுப்போனால் யார் கையில் கெட்டது என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் அடுத்தவருடையது என்பதால் கை அடுத்தவருடையது ஆகிவிடுவதில்லை. ஆர்டர் எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கைக்குக் கை வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். ஒரே நிறம், ஒரே கனம் கேட்கும்போதுதான் யார் தேர்ந்தவர், யார் ஒப்பேற்றுகிறவர் என்பது அம்பலமாகும். இந்த வட்டாரத்தில் பிறந்து, வீட்டில் இதைப் பார்த்து வளர்ந்து, வேலூரிலோ பெங்களூரிலோ பொறியியல் படிக்கப் போய் மெட்டல் கேட்கத் தொடங்கிய இளைஞர்களும் ‘ஆர்டருக்குச் செய்த ஆல்பம்தானே’ என்று உதட்டைப் பிதுக்குவது விந்தைதான்.

குற்றச்சாட்டை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வதே முறை. ஃப்ரண்டியர்ஸ் 1996இல் செராஃபினோ பெருஜினோ நேப்பிள்ஸில் தொடங்கிய நிறுவனம். (நேப்பிள்ஸ் இருக்கும் அதே கம்பானியா மாநிலத்தில்தான் தோல் பதனிடுவதற்குப் பெயர்போன சொலோஃப்ராவும் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) 1980களின் மெலோடிக் ராக்குக்கு வானொலியிலும் பெரிய கம்பெனிகளிலும் இடம் இல்லாமல் போன பிறகு, அந்த ரசனையை விடாத ஒரு சிறு கூட்டத்தை நம்பி நடப்பது இந்த நிறுவனம். அதன் வழி இது: ஒரு குழுவிலிருந்து பாடகர், இன்னொன்றிலிருந்து கிடார்க்காரர், மூன்றாவதிலிருந்து தயாரிப்பாளர் என்று ஆட்களைக் கோப்பது, பாட்டுகள் ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாடுவார், எல்லோரும் ஓர் அறையில் கூட வேண்டிய அவசியம்கூடக் கிடையாது, அவரவர் ஊரில் பதிவு செய்து அனுப்பினால் போதும். கிட்டத்தட்ட இதற்கு முன்மாதிரி என்று சொல்லத்தக்கது 2005இல் வந்த ‘ப்ளேஸ் வெண்டோம்’. ஜெர்மனியின் ஹெலோவீன் குழுவில் ‘கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்’ ஆல்பங்களைப் பாடி உலகப் பேர் வாங்கிய மைக்கேல் கிஸ்கேயையும், பிங்க் கிரீம் 69 குழுவின் டென்னிஸ் வார்டையும் அவர் கூட்டாளிகளையும் சேர்த்துவைத்து இந்த நிறுவனம் உருவாக்கியது அது. இதைத்தான் விமரிசகர்கள் தொழிற்சாலை என்கிறார்கள். ஒன்றாக வளர்ந்து, ஒரே வேனில் ஊர் சுற்றி, சண்டை போட்டு, தம் வாழ்க்கையைத் தாமே எழுதிப் பாடும் ஐந்து பேரிடமிருந்து வருவதே ராக், மற்றதெல்லாம் சரக்கு என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதம் தன்னை ராக்கின் ஆதி தர்மம்போலக் காட்டிக்கொள்கிறது. அதற்கு அவ்வளவு வயதில்லை. எல்விஸ் பிரெஸ்லி தம் பாட்டுகளைத் தாம் எழுதியவர் அல்ல. 1960களின் தொடக்கம் வரை நியூயார்க்கின் பிரில் பில்டிங்கில் அறை அறையாக உட்கார்ந்து சிலர் எழுதினார்கள், வேறு சிலர் பாடினார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. பாப் டிலனும் பீட்டில்ஸும் தாமே எழுதித் தாமே பாடி வென்றபின், ஒரு வழியாக இருந்தது ஒரே வழி ஆகிவிட்டது. மெட்டலோ இந்த விதிக்குப் பேச்சில் கட்டுப்பட்டதே தவிர நடப்பில் கட்டுப்படவில்லை. கறுப்புத் தோல் உடையும் ஆணிப் பட்டையும் மெட்டலின் சீருடை ஆனது 1978 வாக்கில் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டு வழியாக. அந்தக் குழு அதே ஆண்டுகளில் பாடிப் புகழ்பெற்றவற்றில் ஜோன் பாயெஸ் எழுதிய ‘டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்’ உண்டு, ஃப்ளீட்வுட் மேக்கின் ‘கிரீன் மனாலிஷி’ உண்டு. ரெயின்போ குழுவுக்கு 1979இல் பெரிய வெற்றி தேடித் தந்த ‘சின்ஸ் யூ பீன் கான்’ ரஸ் பல்லார்டு எழுதியது. இவற்றைக் கேட்டு எந்த ரசிகரும் ஆன்மா குறைகிறது என்று புகார் சொன்னதில்லை. காரணம் எளிது. ஒரு நாட்டுப்புறப் பாடகியின் பிரிவுப் பாட்டை எடுத்துக் கிடார்களின் மேல் ஏற்றி ஹால்ஃபோர்டு பாடும்போது அதை எழுதியவர் யார் என்ற கேள்வி எழுவதற்குள் குரல் வேலையை முடித்துவிடுகிறது. ஜூடாஸ் பிரீஸ்ட்டுக்கு இருக்கும் இந்தச் சலுகை கிரீஷ் பிரதானுக்கு ஏன் இல்லை? ‘கிராஷ் ஆஃப் லைஃப்’ விஷயத்தில் பாட்டுகளை எழுதியவர் குழுவின் தலைவரான ஹோக்ஸ்ட்ராவே என்பதால் குற்றச்சாட்டு இன்னும் மெலிந்துவிடுகிறது. எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர். மிஞ்சுவது அவ்வளவுதான்.

அது ஒரு குறை என்றால் தமிழில் பாட்டுக் கேட்கும் யாரும் வாயைத் திறக்க முடியாது. நம் காதில் விழுந்து நம்மோடு வளர்ந்த பாட்டுகளில் பெரும்பாலானவை ஆர்டருக்குப் பிறந்தவை. இயக்குநர் சூழ்நிலை சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் மெட்டுக்குச் சொல் வைப்பார், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார், திரையில் வாயசைப்பவர் ஐந்தாவது ஆள். டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்குப் பாடினால் ஒரு விதம், சிவாஜிக்குப் பாடினால் ஒரு விதம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் யார் என்று சொல்லிவிடலாம். அடுத்தவருக்காகக் குரலை மாற்றியதால் டி.எம்.எஸ்ஸுக்குச் சொந்தக் குரல் இல்லை என்று எவராவது சொன்னதுண்டா? இளையராஜா எழுதிக் கொடுத்த நோட்ஸை வயலின்காரர்கள் வாசித்தார்கள். அதில் ஒரு ஸ்வரத்தைக்கூட அவர்கள் இயற்றவில்லை. அந்த வயலின் வரிசை இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. கர்நாடக மேடையில் ஏறும் பாடகர் தியாகராஜர் எழுதியதைத்தான் பாடுகிறார், சொந்தப் பாட்டு இல்லையே என்று சபையில் யாரும் எழுந்து போவதில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது தமிழ்ப் புலவர்களுக்கு வைக்கப்பட்ட தேர்வு. அடி அடுத்தவருடையது, பாட்டு நம்முடையது. உருதுக் கவியரங்கத்துக்குப் பேர்போன வாணியம்பாடிக்கு இன்னொரு சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ‘தரஹி முஷாயிரா’வில் ஓர் அடியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், வருகிற கவிஞர்கள் எல்லோரும் அதே சந்தத்தில், அதே இயைபில் கஜல் கட்டிக்கொண்டு வரவேண்டும். கட்டளை ஒன்று, கஜல்கள் பல, எவர் கஜல் எழுந்து நிற்கிறது என்பதே போட்டி. கட்டளைக்குள் வித்தை காட்டுவதைக் கலையின் உரைகல்லாக வைத்த பண்பாடுகள் இவை. இவற்றுக்குள் பிறந்த காது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தலைமுறை பிடித்துக்கொண்ட மூடநம்பிக்கையைத் தனதாக்கிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

மிச்சம் மீதி என்ற குற்றச்சாட்டுக்கு கிஸ்கேயின் கதையே பதில். 1993இல் ஹெலோவீனிலிருந்து வெளியேறிய பின் அவர் மெட்டலையே வெறுத்துப் பேசத் தொடங்கினார். தனியாகப் போட்ட ஆல்பங்கள் பெரிதாக எடுபடவில்லை. அந்த வகையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று, கேட்க ஆளில்லாமல் கிடந்தது. அவரை மீண்டும் பரவலாகக் கேட்க வைத்தது ‘ப்ளேஸ் வெண்டோம்’. அதில் உயரத்துக்குப் போய்க் கத்த வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய ஸ்தாயியில் நின்று, வார்த்தையை நிதானமாக விட்டு, பல்லவி வரும்போது மட்டும் மேலே ஏறினால் போதும். ஹெலோவீனில் இரட்டை பேஸ் டிரம்மின் ஓட்டத்துக்கு மேல் பறந்துகொண்டிருந்த குரலில் இவ்வளவு கனிவு இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அங்கே சேர்ந்த டென்னிஸ் வார்ட், கோஸ்டா ஸஃபிரியூ ஆகியோரோடு கிஸ்கே யூனிசோனிக் குழுவைத் தொடங்கினார். அதில் அவருடைய பழைய ஹெலோவீன் கூட்டாளி காய் ஹான்சன் வந்து சேர்ந்தார். 2017இல் இருவருமே ஹெலோவீன் மேடைக்குத் திரும்பினார்கள். 2021இல் பழையவர்களும் புதியவர்களுமாக ஒரு ஹெலோவீன் ஆல்பமும் வந்தது. மிச்சம் என்று எல்லோரும் ஒதுக்கிய பாதை வழியாகத்தான் தாய்க்குழுவுக்கு அதன் குரல் திரும்பக் கிடைத்தது. ஒரு கம்பெனிக்காரர் ஆள் சேர்த்ததில் தொடங்கியது இவ்வளவும்.

காசுக்காக ராகத்துக்கு இறங்கிவிட்டார்கள் என்பது கணக்குத் தெரியாதவர்கள் சொல்வது. 1987இல் ஒயிட்ஸ்னேக் இந்த வகை இசையில் லட்சக்கணக்கில் விற்றது உண்மை. அன்றைக்கு ஒரு மெட்டல் குழு மெட்டை இனிமையாக்கியிருந்தால் சந்தேகப்பட நியாயம் இருந்தது. ஆனால் 1991 செப்டம்பரில் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்து ஓரிரண்டு ஆண்டுக்குள் அந்தச் சந்தையே கவிழ்ந்துவிட்டது. அதற்குப் பின் மெலோடிக் ஹார்ட் ராக் பாடுவது பணம் வரும் வழி அல்ல, பணம் போகும் வழி. அந்த ஆல்பம் வந்தபோது ஹோக்ஸ்ட்ராவுக்கு வருமானம் ஒயிட்ஸ்னேக்கிலும், அமெரிக்க அரங்குகளை நிரப்பும் டிரான்ஸ் சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவிலும் இருந்தது. ‘13’ அவர் ஆசைக்குச் செய்வது. ஸ்வீடனில் சாயில்வொர்க், ஆர்ச் எனிமி போன்ற உறுமும் மெட்டல் குழுக்களின் ஆட்கள் சேர்ந்து நடத்தும் நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ரா 1970, 80களின் வானொலி ராக்கை ஒளிவுமறைவில்லாமல் கொண்டாடுகிறது. உறுமலிலேயே பேர் எடுத்தவர்களுக்கு அதைச் செய்யக் காசு ஆசை மட்டும் காரணமாக இருக்க முடியாது. இனிமையான மெட்டு எளிது என்பதும் பிழை. வேகத்திலும் இரைச்சலிலும் சுருதிப் பிசகு கரைந்துவிடும். நீட்டி நிறுத்திப் பாடும் ஒரு பல்லவியில் இம்மி பிசகினாலும் பல்லிளித்துவிடும். கனத்த டிரம்ஸ் பின்னால் இடித்துக்கொண்டிருக்க, அதில் மூழ்காமலும் அதோடு மல்லுக்கட்டாமலும் ஒரு மெட்டைக் கரை சேர்ப்பது பாடகருக்கு உள்ள சோதனைகளில் கடினமானது. வின்னி அப்பீஸின் டிரம்ஸுக்கு முன்னால் ஒரு காலத்தில் நின்றவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்பதை நினைத்துப் பார்த்தால் காங்டாக்காரர் ஏற்றுக்கொண்ட வேலையின் அளவு புரியும். ‘ஃபார் டூ டீப்’ பாட்டைக் கேட்டவர்கள் அவர் அதில் மூழ்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நகல் என்ற சொல்லுக்கு வருகிறேன். நான்கிலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். கிரீஷின் குரலில் 1980களின் அமெரிக்க, ஆங்கிலப் பாடகர்களின் சாயல் உண்டு, அவர் அதை மறைப்பதும் இல்லை. ஆனால் கிஸ்கே ஜெர்மானியர், ஆங்கிலம் அவர் தாய்மொழி அல்ல, பிரிட்டிஷ் பாடகர்களைக் கேட்டுத்தான் அவரும் பாடப் பழகினார். அவரை நகல் என்பாரில்லை. ஜெர்மானியர் செய்தால் மரபு, சிக்கிம்காரர் செய்தால் போலி என்றால் அளவுகோல் இசையில் இல்லை, தோலின் நிறத்தில் இருக்கிறது. காங்டாக், டார்ஜிலிங், ஷில்லாங் பக்கம் ராக் நேற்று இறக்குமதியானதும் அல்ல. ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலன் பிறந்தநாளுக்குப் பாடி வருகிறார். பாட்டன் கேட்டதைப் பேரன் கேட்கும் அளவுக்கு அது அங்கே ஊறிய இசை. கிரீஷ் 2009இல் தொடங்கிய கிரீஷ் அண்ட் த கிரானிக்கிள்ஸ் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பங்கள் போட்ட குழு. ஹோக்ஸ்ட்ரா அழைப்பதற்கு முன்பே, 2022இல், ‘ஹெய்ல் டு த ஹீரோஸ்’ இதே ஃப்ரண்டியர்ஸ் வழியாக வந்துவிட்டது. லாம்ப் ஆஃப் காடில் இருந்த டிரம்மர் கிறிஸ் ஆட்லரோடு ஃபர்ஸ்ட்போர்ன் குழுவிலும் அவர் பாடியிருக்கிறார். தெருவில் நின்றவரைக் கூப்பிட்டு மைக் கொடுத்ததாக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கம் வந்தால் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளை எடுத்து வடமொழியில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார், அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இரவல் என்று அதை யாரும் கழித்துக் கட்டவில்லை. இன்னும் கிட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிடாரை அலறவிட்டுக்கொண்டிருந்த ஜான் மெக்லாஃப்லின் 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோரைச் சேர்த்து சக்தி குழுவைத் தொடங்கினார். மறுபிறவி எடுத்த அந்தக் குழு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு வெளியிட்ட ‘திஸ் மொமெண்ட்’, ‘கிராஷ் ஆஃப் லைஃப்’ வந்த அதே 2023 ஜூனில் வந்து அடுத்த பிப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. மேல்நாட்டுக் கிடார்க்காரர் ஒருவர் இந்தியக் கலைஞரை அழைத்தார் என்பது இரண்டிலும் நடந்தது. முதலாவதைச் சங்கமம் என்று பாராட்டிவிட்டு இரண்டாவதைக் கூலிக் குரல் என்றால் எப்படி? இந்தியர் கடம் தட்டினால் அவர் தம்மைக் கொண்டுவந்தார், ராக் பாடினால் தம்மைத் தொலைத்தார் என்பது, இந்தியர் உலகத்துக்கு இந்தியத்தனத்தை மட்டுமே சப்ளை செய்ய வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பின் இன்னொரு முகம்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃப்ரண்டியர்ஸ் வெளியிடும் சைட் பிராஜெக்டுகள் அளவுக்கு மேல் போய்விட்டன. அலெஸ்ஸாண்ட்ரோ டெல் வெக்கியோ போன்ற ஒரே ஆள் எண்ணற்ற ஆல்பங்களில் எழுதி, வாசித்து, ஒலிக்கலவையும் செய்யும்போது ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் போகிறது. அட்டையை மாற்றினால் பாட்டும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றில் பலவற்றை இரண்டாம் முறை கேட்கத் தோன்றாது. ஆனால் இது அவசரத்தின் குறை, ஆர்டரின் குறை அல்ல. ஊறவைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே டிரம்மிலிருந்து இறக்கிய தோல் யார் பெயருக்குச் செய்தாலும் விறைப்பாகத்தான் இருக்கும், சொந்தப் பிராண்டுக்கே செய்தாலும். தாமே எழுதி, ஒரே வேனில் ஊர் சுற்றிய குழுக்கள் ஒப்பேற்றிய ஆல்பங்களை அடுக்கினால் அந்த அடுக்கு இதைவிட உயரமாக எழும். ஒரே அறையில் கூடாமல் பதிவு செய்வதால் உயிர் போய்விடுகிறது என்பதற்கும் இதே பதில்தான். தமிழ்த் திரைப்பாட்டில் டூயட் பாடும் இருவர் சந்திக்காமலே பாடிப் பல ஆண்டுகளாகின்றன. சில டூயட்டுகளில் நெருக்கம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. சந்தித்தார்களா என்று விசாரித்து அதை முடிவு செய்ய முடியாது, கேட்டுத்தான் செய்யவேண்டும்.

ஆன்மா ஆன்மா என்று தேடியதில் உண்மையிலேயே கேட்கவேண்டிய கேள்வியை இந்த விமரிசகர்கள் தவறவிட்டார்கள். ஜாப் ஒர்க்கில் கோளாறு உண்டு. அது தரத்தில் இல்லை, பங்கீட்டில். இந்த வட்டாரத்துக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். 1970களின் தொடக்கத்தில் அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் பாதி பதனிட்ட தோலை அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுக்கப் பதனிட்டு முடித்து அனுப்பும் தொழில் இங்கே வேகமாக வளர்ந்தது. வேலை வந்தது, கையில் வித்தையும் ஏறியது, அந்நியச் செலாவணியும் வந்தது. பெயரும் பெரிய லாபமும் பிராண்டுக்குப் போயின, உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் கிணற்றிலும் தங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் யாரும் வாணியம்பாடித் தோல் மட்டமானது என்று வாதாடவில்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதே வழக்கு. இசையிலும் இதே இடத்தில் வழக்குப் போடலாம். மோட்டவுன் இசைக் கம்பெனியின் பெரும்பாலான வெற்றிகளுக்குப் பின்னால் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் பெயர்கள் 1971இல் மார்வின் கேயின் ஆல்பம் வரும்வரை அட்டையில் அச்சாகவே இல்லை. இந்தியாவில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்ட்டியை இழக்கமாட்டார்கள் என்பதும், பாடகருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும் 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகே சட்டமாயின. 2017இல் தம் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே பக்கம் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டையில் ஒருவர்கூட எஸ்.பி.பி. பாடியது உயிரற்றது என்று சொல்லவில்லை. பாட்டு யாருடையது, காசு யாருக்கு என்பதுதான் பேச்சு. அது சரியான பேச்சு.

‘கிராஷ் ஆஃப் லைஃப்’ பாடகரின் பெயரை மறைக்கவில்லை, ஃபங்க் பிரதர்ஸ் கதை இங்கே இல்லை. ஆனாலும் அட்டையில் இருப்பது ஹோக்ஸ்ட்ராவின் பெயர். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய ரஸ்ஸல் ஆலனின் இடத்துக்கு கிரீஷ் வந்தார், நாளை கிரீஷின் இடத்துக்கு வேறொருவர் வரலாம். 2024 மார்ச்சில் ஜார்ஜ் லிஞ்சும் ஜெஃப் பில்சனும் நடத்தும் த எண்ட் மெஷின் குழுவின் ‘த குவாண்டம் ஃபேஸ்’ ஆல்பத்திலும் ராபர்ட் மேசனின் இடத்தில் அவர்தான் பாடினார். ஆளை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒரு பக்கத்திலேயே இருக்கும்வரை பேரம் சமமாக இருக்காது. இதைப் பற்றி எழுதுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். எந்தப் பாட்டில், எந்த வரியில் குரல் சறுக்கியது என்றும் எழுதுங்கள். ஆர்டருக்குப் பாடியது என்பதை மட்டும் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.